கையாளும் கட்டணம்

நான் புது கார் விற்கிற ஷோரூமில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. கையாளும் கட்டணம் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களிடம், "அது எல்லா இடத்துலயும் உண்டு சார்" என்பேன். இது பதில் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் டை கட்டிக்கொண்டு சொன்னால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

காரின் விலை கம்பெனி போடுவது. அதில் நாங்கள் கைவைக்க முடியாது. அதற்குக் கீழே நாங்கள் எழுதிச் சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கையாளும் கட்டணம், ஆவணம் தயாரிக்கிற கட்டணம், அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு. அப்புறம் கண்ணாடிகளில் வண்டி நம்பரைப் பொறிப்பதற்கு ஒன்று. திருட வருகிறவன் அதைப் பார்த்தால் மனம் மாறித் திரும்பிவிடுவானாம். கடைசியில் டெலிவரி ஏற்பாடு. அதாவது சாவியை வாங்குகிறவர் கையில் கொடுப்பதற்கு. சாவியைக் கொடுப்பது நான்தான். அதில் எனக்குச் சல்லிக்காசு வந்ததில்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் எங்கள் மேனேஜர். ஷோரூமில் அவருக்குப் பெயர் கூட்டல். பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு நடத்திய அன்றைக்கு அவர் போகவில்லை என்று வண்டி கழுவுகிற ஆட்கள் பேசிக்கொள்வார்கள். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. உடம்பு சரியில்லை என்றால் மறுபேச்சில்லாமல் லீவு கொடுப்பார். மாதக் கடைசியில் சம்பளத்தில் அதைப் பிடிக்கும்போது மட்டும் அவருக்குக் கழித்தல் நன்றாக வரும்.

அவருடைய சட்டம் எளிமையானது. போட்ட கட்டணம் போட்டதுதான். விற்கிற ஆள் தானாக எதையும் குறைக்கக் கூடாது. வாங்க வந்தவர் தன் வாயால் கேட்க வேண்டும், முறைக்க வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். கதவுப் பக்கம் நடந்தால்தான் கூட்டல் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வருவார். "உங்களுக்காக" என்று ஆரம்பித்து ஒவ்வொரு கட்டணமாகப் பேனாவால் அடிப்பார். கேட்காதவர்களுக்கு எதுவும் அடிபடாது. சண்டைக்காரனுக்கு ஒரு விலை, சாதுவுக்கு ஒரு விலை. ஏழு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வியாபாரம் இவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் ஒரு மரக்கடைக்காரர் வந்தார். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கையாளும் கட்டணத்தின் மேல் விரலை வைத்து, இது யார் தலையில் மிளகாய் அரைப்பதற்கு என்று கேட்டார். எல்லா இடத்திலும் உண்டு என்றேன். தன் கடையிலும்தான் நாள் முழுக்க மரம் ஏற்றி இறக்குவதாகவும், அதற்காக ஒருத்தனிடமும் தனியாகக் கூலி கேட்டதில்லை என்றும் சொன்னார். எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே எங்களைத் திட்டினார். முதல் தடவை கதவு வரை போய்த் தானாகத் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை கூட்டல் ஓடிவந்தார். எல்லாக் கட்டணமும் போனது. போதாததற்குக் கால் விரிப்பு ஒரு செட் இனாமாக வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "நல்லா ஏமாத்திட்டீங்கப்பா" என்றார். மனிதர் இம்மியளவு ஏமாறவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போனால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அவர் உட்கார்ந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அக்கா வந்தாள்.

என் அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ஊசி போடுவாள், கட்டு மாற்றுவாள், சர்க்கரை பார்ப்பாள். எல்லாம் பஸ்ஸில்தான். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்த் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நர்ஸ்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார்கள். சொந்த வண்டி இருந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய வீடுகளைத் தருவார்களாம். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் மாதம் முடிவதற்குள் வண்டியையும் அதன் இன்சூரன்ஸையும் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

என்றைக்காவது ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்தாள், ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்திருந்தாள். வண்டிக்கு, இன்சூரன்ஸுக்கு என்று எடுத்து வைத்ததற்கு மேல் கையில் எதுவும் இல்லை. கடன் வாங்க மாட்டாள். அவள் புருஷன் இவள் பெயரில் கடன் வாங்கிவிட்டு ஒரு நாள் காணாமல் போனார். அவர் திரும்பி வரவே இல்லை, கடன்காரர்கள்தான் வந்தார்கள். அதைக் கட்டி முடிக்க அவளுக்கு இளமையில் நல்ல பாதி போனது. அந்த ஆளை மாமா என்று கூப்பிடுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அக்கா கடன் என்ற வார்த்தையையே நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாள் முன்னால் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கார் வாங்க உங்கள் கடைக்கே வரலாமா என்று கேட்டாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, "வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் 'நான் பாத்துக்கறேன்' என்பது மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி. யாரும் அதை நம்பிக் குடை எடுப்பதில்லை. அக்கா எடுத்தாள். ஊசி போடப் போகிற வீட்டிலெல்லாம், என் தம்பி கார் கம்பெனியில் இருக்கிறான், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறாள்.

என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அவள் வருவதற்கு முதல் நாள் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவது. எதை எதிர்த்துக் கேட்க வேண்டும், எப்போது பையைத் தூக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூட வேண்டியதில்லை. சந்தையில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே காய்கறிக்காரர் பெருமூச்சு விடுவார். ஆனால் அவளோ முன்கூட்டிச் சொல்லாமல், அன்றைக்குப் பார்க்க வேண்டிய நோயாளியைப் பிள்ளைகள் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், லீவு கிடைத்தது என்று செக் புத்தகத்தோடு நேரே வந்து நிற்கிறாள். வெள்ளை ஷூ, மருந்துப் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடா, டையெல்லாம் கட்டியிருக்க. கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி நிக்கலையே" என்றாள், ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஓரமாகக் கூட்டிப் போய்ப் பேசிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கூட்டல் வந்துவிட்டார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு எங்களோடு ஒருத்தன் இருந்தான். வண்டி வாங்க வந்த மச்சானின் காதில் எல்லாவற்றையும் ஓதிவிட்டான். மச்சான் கூட்டலுக்கு எதிரில் உட்கார்ந்து, எந்தக் கட்டணம் எப்போது அடிபடும் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அன்று சாயங்காலமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து, வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர் யாராவது வந்தால் கூட்டலும் கூடவே மேஜையில் உட்கார்ந்துவிடுவார். தூரத்துச் சொந்தம் என்றால் அரைமணி நேரம். கூடப் பிறந்தவர் என்றால் கையெழுத்து ஆகிறவரை நகர மாட்டார்.

இவங்க யாரு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, இவனுக்குக் கூடப் பிறந்த அக்கா என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். கூட்டல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போ நம்ம குடும்பம் என்றார்.

அக்கா வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஒரு கதவைத் திறந்து மூடினாள். பின்சீட்டில் மருந்துப் பையை வைத்துப் பார்த்தாள். அது தானாகக் கீழே விழாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்கு அப்படியொரு திருப்தி. இதுவே போதும் என்று வந்து உட்கார்ந்தாள்.

நான் காகிதத்தை எடுத்து வாசித்தேன். இவ்வளவு நிறுத்தி நிதானமாக நான் என்றைக்கும் வாசித்ததில்லை. "கையாளும் கட்டணம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தி அவள் முகத்தையே பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். அடிப்பாகப் பூச்சு என்றேன். நல்லதுதானே, மழைக்காலத்துக்கு ஆகும் என்றாள். கண்ணாடியில் நம்பர் பொறிப்பது என்றேன். இதெல்லாம்கூடச் செய்து தருகிறீர்களா என்று கூட்டலைப் பார்த்துக் கேட்டாள். கூட்டல் உருகிப்போனார். சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குக் கால்மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள்.  தம்பியிடம் போய் யாராவது பேரம் பேசுவார்களா என்பது அவள் நினைப்பு. அது கேவலம் என்று நினைக்கிறாள். பாசம் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள், அந்த வாய்க்குத்தான் எங்கள் கடையில் காசு.

மேஜைக்கு அடியில் அவள் காலை மெதுவாக இடித்தேன். "காலை ஆட்டாதடா" என்றாள். சின்ன வயதிலிருந்தே இவனுக்கு இந்தப் பழக்கம், பரீட்சைக்குப் படிக்கும்போதும் இப்படித்தான் என்று கூட்டலுக்கு விளக்கம் வேறு சொன்னாள். சரி என்று கண்ணைக் காட்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்றாள். கூட்டலும் எட்டிப் பார்த்து ஆமாம் என்றார்.

கடைசியாக மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு 'பேரம் பேசு' என்று தட்டி அவளுக்கு அனுப்பினேன். பார்க்காமல் தட்டியதில் ஒரு எழுத்து மாறிப்போனது. அவள் பைக்குள் போன் மணியடித்தது. எடுத்துத் தூரமாகப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தாள். "பேரன் பேசு. அப்படின்னு வந்திருக்கு. யாரோட பேரன்? டேய், இது நீ அனுப்பினதா காட்டுது."

கூட்டல் என்னைப் பார்த்தார். வேறு ஒருவருக்கு அனுப்ப வேண்டியது மாறிப் போய்விட்டது என்றேன். உனக்கு ஏதுடா பேரன் என்றாள் அக்கா. என் மகன் இன்னும் ஆறாவதுதான் படிக்கிறான். கூட்டல் என் போனை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேச்சு முடியட்டும் என்றார்.

அக்கா செக் புத்தகத்தைத் திறந்தாள். மொத்தத் தொகையைப் பார்த்தாள். பேனா கொஞ்சம் நின்றது. என் பக்கம் சாய்ந்து, கூட்டலுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அவருக்கு நன்றாகக் கேட்கிற குரலில் பேசினாள்.

"இன்சூரன்ஸுக்கு வச்சிருந்ததும் இதுலயே போயிடுதேடா. பரவாயில்ல. நீ பாத்துத்தான் போட்டிருப்ப."

கூட்டல் உடனே ஒரு கைவைத்தியம் சொன்னார். இன்சூரன்ஸைத் தவணையில் கட்டலாம், கடன் என்றுகூடச் சொல்ல முடியாது, சின்ன வசதி, ஒரு கையெழுத்து போதும். அந்தக் காகிதமும் அவர் கையிலேயே இருந்தது. அக்கா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.   பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"போடலாமாடா?"

நல்ல தம்பியாக இருந்தால் அங்கேயே எழுந்து நின்று சொல்லியிருப்பான். அக்கா, இதெல்லாம் சும்மா, ஒன்றுக்குக்கூடக் காசு கொடுக்காதே, சண்டை போடு என்று. சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் மச்சானுக்கு ஓதிய அந்தப் பையன் மாதிரி வீட்டுக்குப் போயிருப்பான். நான் நல்ல தம்பி இல்லை. வாடகை கொடுக்கிற தம்பி. பயந்தேன். அதற்காக அவளைக் கடனில் கையெழுத்துப் போடவும் விட முடியவில்லை. என்ன செய்தால் இவள் சந்தைக்காரியாக மாறுவாள் என்று யோசித்தேன். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இவள் எதிரில் தம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

டையைச் சரிசெய்துகொண்டேன். "அது உங்க இஷ்டம் மேடம்" என்றேன்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ ஒரு அம்மா வந்து நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். யாரும் இல்லை.

"யாரைடா சொல்ற?"

"உங்களைத்தான் மேடம்."

எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நீங்க என்பது விருந்தாளிக்கும், கடன் கேட்டு வருகிறவர்களுக்கும். கோபத்தில்கூட நான் அவளை நீங்க என்றது கிடையாது. அன்றைக்குச் சொன்னேன். வாய் திறந்ததும் மூடுவதற்கு வழி தெரியாமல் மேலே மேலே பேசிக்கொண்டே போனேன்.

"இங்க வர்றவங்க எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதான் மேடம். அக்கா, தங்கச்சின்னு பாத்தா கடை நடத்த முடியாது. விலை எழுதியிருக்கு. உங்களுக்குக் கட்டுப்படி ஆகலைன்னா அடுத்த தெருவுல பழைய வண்டி விக்கிறாங்க. உங்க பட்ஜெட்டுக்கு அது சரியா இருக்கும்."

கூட்டல்கூட ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை. முகம் அப்படியே காலியாகிவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தில் சேல்ஸ்மேன் சிரிப்பை விடாமல் வைத்திருந்தேன். பேனாவை மூடினாள். தவணைக் காகிதத்தைக் கூட்டல் பக்கம் திருப்பித் தள்ளினாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க. அந்த விலை எழுதின பேப்பரைக் குடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஷோரூமில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். வண்டி கழுவுகிறவர்கள் துணியோடு வந்து கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்றார்கள்.

கையாளும் கட்டணம் என்றால் எதைக் கையாளுகிறீர்கள் என்று கேட்டாள். கூட்டல், லாரியிலிருந்து வண்டியை இறக்கி இங்கே கொண்டுவருவது என்றார். அப்படியென்றால் லாரியிலேயே வைத்து விற்பதாக இருந்தீர்களா என்றாள். கூட்டல் என்னைப் பார்த்தார். எல்லா இடத்திலும் உண்டு மேடம் என்றேன். எல்லா இடத்திலும் காய்ச்சல்கூடத்தான் உண்டு, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை என்றாள்.

ஆவணம் தயாரிக்கிற கட்டணத்துக்கு, எத்தனை பக்கம் என்று கேட்டாள். கூட்டல் எண்ணிப் பார்த்துச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு என்ன வருகிறது என்று கேட்டுவிட்டு, அவர் கணக்குப் போடுகிறவரை காத்திருந்தாள். போட்டு முடித்ததும் அவரே வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டார். அடிப்பாகப் பூச்சு என்றதும் எழுந்து போனாள். வண்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுக் குனிந்து, போன் வெளிச்சத்தை அடியில் அடித்துப் பார்த்தாள். ஒரு பூச்சும் இல்லை. டெலிவரிக்கு முன்னால் அடிப்போம் என்றார் கூட்டல். ஊசி போட்ட பிறகுதான் நான் காசு வாங்குவேன், போடப் போகிறேன் என்று சொல்லி வாங்கியதில்லை என்றாள்.

கூட்டல் உங்களுக்காக என்று ஆரம்பித்து ஒன்றை அடித்தார். இன்னொன்றைப் பாதியாக்கினார். மீதியை விட மனம் வரவில்லை. அக்கா செக் புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். எனக்கு வணக்கம் சொன்னாள். எனக்கு, கைகூப்பி. கதவை நோக்கி நடந்தாள்.

அந்த இடத்தில் பின்னால் ஓடி, மேடம் ஒரு நிமிஷம் என்று நிறுத்துவது என் வேலை. நான் எழுந்திருக்கவில்லை. கூட்டல் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மாதக் கடைசியில் காட்ட வேண்டிய விற்பனைக் கணக்கை நினைத்துப் பார்த்தார். ஓடினார். மனிதர் ஓடி நான் பார்த்தது அன்று காலையில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. வாசற்படியில் வைத்தே எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார். அக்கா அதோடு விடவில்லை. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுத் தர வேண்டும் என்றாள். அதுவும் நடந்தது. இன்சூரன்ஸுக்கு வைத்திருந்த பணம் இன்சூரன்ஸுக்கே போனது. கடன் காகிதம் கூட்டலின் கோப்புக்குள் திரும்பிப் போனது.

எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. கைதட்டாததுதான் பாக்கி. வண்டி கழுவியாகி, இன்சூரன்ஸ் காகிதம் வரும்வரை அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாங்க என்றாள். கூட்டல் பக்கத்திலேயே நின்று அவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை. நடிப்பை நன்றாகத் தொடர்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எப்படிப்பட்ட மடையன் நான்.

கூட்டல் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். கட்டணமெல்லாம் போன வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் என் தோளில் தட்டினார்.

"கூடப் பிறந்த அக்காகிட்டயே இவ்வளவு கறாரா பேசுற. உன்னை நான் இத்தனை நாளா சாதாரணமா நினைச்சுட்டேன்யா."

ஏழு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த இடத்தில்தான் முதன்முதலாக எனக்கு என்னவோ போல இருந்தது.

வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டல் உள்ளே வேறொருவரிடம் கூட்டிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய் அக்கா கையில் கொடுத்தேன். அவள் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா" என்றேன். "அந்த ஆளு பக்கத்துல உக்காந்திருந்தாரு. என்னால சொல்ல முடியல. நீ கோபப்பட்டாத்தான் அதெல்லாம் போகும். அதுக்காகத்தான் அப்படிப் பேசினேன். எல்லாம் உனக்காகத்தான்க்கா."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"ரெண்டாவதைப் பாதியாக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. அந்த ஆளு மூஞ்சி சுருங்கச் சுருங்க உன் மூஞ்சி மலருது. உன்னை எனக்குத் தெரியாதா."

எனக்குப் போன உயிர் வந்தது. அப்புறம் ஏன் காபி வேண்டாம் என்றாய், ஏன் கைகூப்பினாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கோபமாக இல்லை.

"நீ மேடம்னு சொன்னியே, அப்ப உனக்குக் கொஞ்சமாவது நாக்கு தடுக்கும்னு பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தடுக்கலடா."

நாள் முழுக்க அதைத்தானே சொல்கிறேன், வாய்ப்பழக்கம் அக்கா என்று சொல்ல வந்தேன். அது இன்னும் மோசமாக இருக்கும் என்று பட்டது.   டையைத் தளர்த்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, தெருவில் நின்று எப்படி அழுவது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ளினாள், பெல்ட்டைப் போட்டாள், பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் கிளம்பியது. புது வண்டி அல்லவா. ஜன்னலை இறக்கினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று ஓடிப் போய்க் குனிந்தேன்.

"தள்ளி நில்லுடா. வண்டியைத் திருப்பணும்" என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.